இரண்டாம் குழு மேலே வரும்வரை

"வெட்கப்படாம இழுங்க மாப்பிள்ளை. ஜிப்பும் பாதியில நிக்குது, என் மூச்சும் பாதியில நிக்குது."

மாமியார் அவனுக்கு முதுகைக் காட்டியபடி படகின் நடுவில் நின்றிருந்தார். கறுப்பு ரப்பர் உடுப்பு தோள்வரை ஏறி, முதுகில் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அவன் அவர் கையைக்கூடத் தொட்டதில்லை. காபி டம்ளர் வாங்கும்போது விரல் பட்டுவிடாமல் அடியைப் பிடித்து வாங்குகிற வழக்கம் அவனுடையது. இப்போது கண்ணைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு இழுத்தான்.

"தம்பி, அது உங்க கடை ஷட்டர் இல்ல. பதமா இழுங்க" என்றார் பேக்கரிக்காரர். அவர் ஏற்கெனவே உடுப்பை மாட்டிக்கொண்டு, கட்டிப்போட்ட மூட்டைபோல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்குள் மாமியாருக்கு அவர்தான் ஜோடி. ஒருவர் மற்றவரை விட்டு ஒரு கை தூரத்துக்குமேல் போகக்கூடாது என்பது அவர்களுடைய முக்குளிப்பு கிளப்பின் சட்டம்.

ஜிப் ஒரு வழியாகக் கழுத்துவரை ஏறியது. படகு முழுக்கக் கைதட்டியது. அவனுக்குக் காது சூடாகிவிட்டது.

சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கீழே ஒரு கப்பல் படுத்திருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான். ஆரஞ்சு நிற மிதவை ஒன்று மட்டும் அந்த இடத்துக்குக் காவல் போல ஆடிக்கொண்டிருந்தது. படகு அதில் கட்டப்பட்டிருந்தது. சிமெண்டு ஏற்றி வந்த கப்பலாம். புயலில் மாட்டி மூழ்கியதாம். "ஒருத்தர்கூட சாகல. எல்லாரையும் இறக்கி விட்டுட்டுத்தான் மூழ்குச்சு. மரியாதையான கப்பல்" என்று படகோட்டி வரும் வழியில் பெருமையாகச் சொன்னார், ஏதோ தன் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

அவனுக்கு நீச்சல் தெரியாது. படகும் ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து ஓரத்தைப் பிடித்துக் குனிந்து குனிந்து வயிற்றில் ஒன்றுமே மிச்சமில்லை. மனைவி அனுப்பியதால் வந்திருந்தான். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க எதிர்ல நின்னா கூச்சப்பட்டாவது கொஞ்சம் அடங்குவாங்க. கூடவே இருங்க, அது போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தண்ணீருக்குள் போகிற ஆளோடு கூடவே எப்படி இருப்பது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

மாமியார் வேலைக்காலம் முழுவதும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், தரைக்குக் கீழே ஜன்னலே இல்லாத ஓர் அறையில், வருகிறவர்களின் முழங்கை மடிப்பைப் பார்த்தே கழித்தவர். ஊரில் அவருக்கு ஊசியம்மா என்றே பெயர். சின்னப் பிள்ளைகள் அவரைத் தெருவில் பார்த்தாலே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். பேக்கரிக்காரர் சர்க்கரை பார்க்க மாதாமாதம் அங்கே போவார். ஆள்தான் மலை, ஊசியைக் கண்டால் மயக்கம் வந்துவிடும். "கண்ண மூடிக்கிட்டு வேற ஏதாவது பேசுங்க" என்று மாமியார் சொல்ல, அவர் தனக்குத் தெரிந்த ஒரே சுவாரசியமான விஷயத்தைப் பேசினார். கடலுக்கு அடியில் தான் பார்த்த மீன், பவளம், பாறை. மாதத்துக்கு ஒரு குப்பி ரத்தம், ஒரு துண்டு கடல். ஓய்வு பெற்ற மறுவாரம் மாமியார் நீச்சல் குளத்தின் வாசலில் போய் நின்றார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது? ஊர் சிரிக்குது" என்று மகள் சண்டை போட்டாள். ஒருநாள் மாமியார் அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து, தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் மாஸ்க் ஒன்றை மேசையில் வைத்தார்.

"வாடிக்கையாளரா வந்திருக்கேன். மருமகனா இருந்து பாக்காதீங்க. கீழ போனா எனக்கு எல்லாம் கலங்கலா தெரியுது. மீனா, பிளாஸ்டிக் பையான்னு புரிய மாட்டேங்குது."

அவன் அவருடைய பவருக்கு வில்லை அரைத்து, மாஸ்க்கின் உட்புறம் ஒட்டிக் கொடுத்தான். வாங்கிப் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் தொங்கிய ஃபிரேம்களை, கண்ணாடியில் தன் முகத்தை, கடைசியாக அவனை. "இத்தன நாளா உங்களுக்கு இவ்ளோ நரைச்சிருக்கிறது தெரியாமப் போச்சே" என்றார். விஷயம் தெரிந்தபோது மனைவி, "நீங்களும் சேர்ந்து ஏத்தி விடுங்க. ஏதாவது ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதல் குழு இறங்கியது. கூட்டிப் போனவள் நீச்சல் டீச்சர். கிளப்பை நடத்துபவர்கள் அவளும் அவள் கணவனும்தான். ஒரு குழு கீழே இருக்கும்போது மறு குழு படகில் இருக்கும். மாமியார் படகின் விளிம்பில் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மல்லாக்கச் சாய்ந்து விழுந்தார். தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழிகள் மட்டும் கொஞ்ச நேரம் வந்தன. அவையும் தள்ளிப் போய் மறைந்தன.

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தான். கூடவே இருப்பதற்கு வேறு வழி தெரியவில்லை.

அவர்கள் மேலே வந்தபோது முதலில் தெரிந்தது மாமியாரின் கை. தலைக்கு மேல் விரலை வட்டமாக வளைத்து, எல்லாம் சரி என்று காட்டினார். ஏணியில் யார் உதவியும் இல்லாமல் ஏறி வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்டப் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, சிரித்தார்.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"கேக்காதீங்க. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்." ஆரம்பித்தார். "சிமெண்டு மூட்டையெல்லாம் கல்லாகி அப்படியே இருக்கு மாப்பிள்ளை. பை மக்கிப் போச்சு, மூட்டையோட மடிப்புகூட கல்லுல அப்படியே இருக்கு. யாரோ நாளைக்கு வந்து வீடு கட்டப் போற மாதிரி அடுக்கி வெச்சிருக்கு. அப்புறம் கேப்டன் ரூமு. அங்க ஒரு குளியல் தொட்டி. அதுக்குள்ள இத்தா பெரிய மீன் ஒண்ணு. வாடகை குடுத்துத் தங்கியிருக்கிற மாதிரி என்னையே மொறைச்சுது. கதவத் தட்டாம வந்துட்டேன்னு கோவம்போல."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மாமியார் முன்னால் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பது சிரித்து முடித்த பிறகு உறைத்தது.

டீச்சரின் கணவனோடு இரண்டாம் குழு குதித்தது. படகு திடீரென்று காலியானதுபோல் இருந்தது. பேக்கரிக்காரர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த பன்னைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை," மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ யாரும் என்னப் பாத்துக் கைய இழுத்துக்கறதில்ல."

அவன் மிச்சமிருந்த டீயைக் குடித்தான்.

"அவளையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

"வர மாட்டா அத்தை. உங்களுக்குத் தெரியாதா."

"தண்ணிக்குள்ள எறங்க வேண்டாம். இந்த பெஞ்சுல உக்காந்திருந்தா போதும். நான் மேல வர்றத ஒரு தடவ பாக்கட்டும். அவளுக்கு நான் உள்ள போறது மட்டும்தான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு."

பிறகு பன்னில் பாதியைப் பெஞ்சில் வைத்தார். தாடையைத் தடவினார். இடது கையை விரித்து மூடிப் பார்த்தார். வலது கையின் இரண்டு விரல்களைத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். அந்த முகத்தை அவன் ஒரே ஒரு தடவை, அவர் வேலை செய்த இடத்தில் பார்த்திருக்கிறான். ஆளை மறந்து நரம்பை மட்டும் தேடுகிற முகம்.

"மாப்பிள்ளை. டீச்சரக் கூப்பிடுங்க." நிதானமாகத்தான் சொன்னார். "கத்த வேண்டாம். மெதுவாக் கூப்பிடுங்க."

டீச்சர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் படுக்க வைத்தார்கள். ஆக்சிஜன் பெட்டி வந்தது. காலையில் பாடுபட்டு ஏற்றிய ஜிப்பை இப்போது அவனே, அவரை ஒருக்களித்துப் பிடித்து, சரசரவென்று இறக்கினான். இந்தத் தடவை கடல் பக்கம் பார்க்கவில்லை. மாமியாரின் நெற்றியில் கடல் தண்ணீருக்கு மேல் வேர்வை முத்து முத்தாக நின்றது. படகோட்டி வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். மீட்புப் படகு கிளம்பிவிட்டது, நாமும் எதிரே போனால் பாதி வழியில் சந்திக்கலாம் என்றார்.

"அப்ப கிளம்புங்க!" என்றான்.

யாரும் நகரவில்லை.

"என்ன பாக்கறீங்க? கிளம்புங்க!"

"கீழ ஆள் இருக்காங்க சார்" என்றாள் டீச்சர்.

"மிதவை இங்கதானே இருக்கு, அதப் பிடிச்சுக்கட்டும். அவங்க நீந்தத் தெரிஞ்சவங்கதானே. இவங்களுக்கு..."

"நீரோட்டம் இருக்கு. எல்லாரும் மிதவைகிட்டயே மேல வருவாங்கன்னு சொல்ல முடியாது. மேல வந்து படகக் காணோம்னா அடிச்சுட்டுப் போயிடும். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல." அவள் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்த கையை எடுக்காமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர். அவர் இல்லன்னாலும் இதையேதான் சொல்லுவேன். என்னைத் திட்டுங்க, பரவாயில்ல. படக எடுக்க முடியாது."

மாமியார் முகமூடிக்குள் ஏதோ சொன்னார். அவன் குனிந்தான்.

"சரியாத்தான் சொல்றா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவளக் கோவிக்காதீங்க" என்றார். டீச்சரைச் சொன்னாரா, மகளைச் சொன்னாரா என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. பிற்பாடு தோன்றி, தோன்றிக்கொண்டே இருந்தது.

கீழே இருப்பவர்களைக் கூப்பிட ஒரு வழி இருந்தது. படகோட்டி ஓர் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து, தண்ணீருக்குள் இறங்கியிருந்த ஏணியில் தட்டினார். சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் போகுமாம். அவன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டான். முழங்கால்வரை நனைய ஏணியில் நின்று அடித்தான். பின்னால் பேக்கரிக்காரர், "ஊசியம்மா, இங்க பாருங்க, என்னப் பாருங்க, ஊசியம்மா" என்பது கேட்டது. பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. டீச்சர் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். நெஞ்சை அழுத்துகிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அவன் இன்னும் வேகமாக அடித்தான்.

மிதவைக் கயிற்றுக்குப் பக்கத்தில் குமிழிகள் கொத்தாக வந்தன. தண்ணீருக்கு அடியில் சாம்பல் நிறத்தில் உருவங்கள் தெரிந்தன. வந்துவிட்டார்கள். ஆனால் அந்த உருவங்கள் அங்கேயே நின்றன. மேலே வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி வரிசையாகத் தொங்கிக்கொண்டு நின்றன.

"ஏன் நிக்கறாங்க? வாங்க மேல! வாங்க!" தண்ணீரைப் பார்த்துக் கத்தினான். "அண்ணா, இவங்கள வரச் சொல்லுங்க!"

"கொஞ்ச நேரம் நின்னுதான் வரணும் தம்பி" என்றார் படகோட்டி. அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "உள்ள இழுத்த காத்து உடம்பவிட்டுப் போகணும். விறுவிறுன்னு ஏறி வந்தா இன்னொரு ஆளும் படுத்துடுவார். மேல என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாதே."

கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் தலையை உயர்த்திப் பார்ப்பதுகூடத் தெரிந்தது. அவன் ஏணியில் நின்றபடி அவர்களை வெறுத்தான். வாழ்நாளில் யாரையும் அப்படி வெறுத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் தெரியாத அத்தனை பேரையும், அவர்கள் நிதானமாக விட்ட ஒவ்வொரு மூச்சையும் வெறுத்தான்.

முதலில் வந்தது டீச்சரின் கணவன். தலைக்கு மேல் விரலை வட்டமாக வளைத்துக் காட்டினான், சிரித்துக்கொண்டே. பதில் காட்ட யாரும் இல்லாததைக் கண்டு அந்தக் கை அப்படியே மெல்ல இறங்கியது.

ஒவ்வொருவராகப் பிடித்து ஏற்றினார்கள். கடைசியாக ஏறிய பெண் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறியபோது, அவளுடைய பாதத்தைப் பிடித்து அதை உருவி எடுத்தது அவன்தான். வெறுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. "சாரி அண்ணா, எங்களுக்குத் தெரியாது, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் தலையை ஆட்டினான்.

படகு சீறிக் கிளம்பியது. டீச்சர் அழுத்தினாள், பிறகு பேக்கரிக்காரர், பிறகு டீச்சரின் கணவன், மறுபடி டீச்சர். பாதி வழி போகுமுன்பே மீட்புப் படகு வந்து ஒட்டியது. பையோடு தாவி ஏறியவர் மண்டியிட்டு, பார்த்தார், கேட்டார், தானும் கொஞ்ச நேரம் முயன்றார். பிறகு டீச்சரின் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றார். டீச்சரின் கைகள் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை அழுத்தின.

யாரோ ஒரு துண்டைப் போர்த்தினார்கள். முகத்தை மூடப் போனபோது பேக்கரிக்காரர் தடுத்தார். "முகத்த வேண்டாம். மூச்சு முட்டும்."

யாரும் அவரைத் திருத்தவில்லை. துண்டு கழுத்தோடு நின்றது.

கரை கோடாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் சிக்னல் வந்தது. அத்தனை நேரம் செத்துக் கிடந்த ஃபோன்களெல்லாம் பைகளுக்குள்ளிருந்து ஒரே நேரத்தில் கீச்சிட்டன. யாரும் எடுக்கவில்லை. அவனுடையது மட்டும் விடாமல் அடித்தது.

"என்னங்க, எவ்ளோ நேரமா கூப்பிடறேன், லைனே போகல. அம்மா மேல வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அப்பாடா." பெருமூச்சு. பின்னால் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம். "எப்படி இருந்துச்சாம்? வேண்டாம், வேண்டாம். நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க. அப்புறம் தலைல ஏறி உக்காந்துக்குவாங்க."

அவன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான்.

"சரி, ஃபோன அவங்ககிட்ட குடுங்க."

படகின் ஓரத்தில் தண்ணீர் வெள்ளையாகப் பிளந்து போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க." குரல் மெலிந்துவிட்டது. "குடுங்கன்னு சொல்றேன்ல."

"நீ கார் பிடிச்சு வந்துடு" என்றான். "துறைமுகத்துக்குப் பக்கத்துல இருக்கே, அந்த ஆஸ்பத்திரிக்கு. தனியா வர வேண்டாம், எதிர்வீட்டு அக்காவக் கூட்டிக்கோ."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. லைனைத் துண்டிக்கவும் இல்லை. அவள் நடப்பது கேட்டது. மெஷினை நிறுத்துவது கேட்டது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு அவள் மூச்சு மட்டும் கரை வரும்வரை அவன் காதில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிறைய விளக்கினார். இதயம் என்றார், வயது என்றார், எங்கே இருந்திருந்தாலும் என்று ஆரம்பித்து நிறுத்தினார். முடித்திருந்தால் அவன் நம்பியிருப்பானோ என்னவோ. வெளி வராந்தாவில் கிளப்காரர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று யார் சொல்லியும் போகவில்லை. பாதிப் பேர் இன்னும் ரப்பர் உடுப்பில், செருப்புக்கூட இல்லாமல். அவர்கள் காலடியில் தண்ணீர் சொட்டி ஓடையாகிவிட்டது. துடைக்க வந்த பெண் ஒரு தடவை துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள், பிறகு துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தானும் ஓரமாக நின்றுகொண்டாள்.

மனைவி வந்தாள். எதிர்வீட்டு அக்கா வரவில்லை, தனியாகத்தான் வந்தாள். வராந்தாக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நனைந்த தலைகளோடு நின்ற அந்த அந்நியர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடந்து, உள்ளே போனாள். அவனைக் கூட வரச் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வர வெகுநேரமானது. அவன் எழுந்து நின்றான். கேட்கட்டும் என்று காத்திருந்தான். உங்களத்தான் கேப்பேன் என்று அன்றைக்குச் சொன்னவள். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். பெஞ்சில் உட்கார்ந்து மாமியார் கடைசியாகச் சொன்ன ஆசை தொண்டைவரை வந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டான்.

அவள் கேட்கவில்லை. அவனைத் தாண்டி, சுவரோரம் நின்ற பெரிய உருவத்திடம் போனாள்.

"நீங்கதானா அந்த பேக்கரி அண்ணன்?"

"ஆமாம்மா."

"உங்களுக்கு ஊசி போடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்னு அம்மா சொல்லும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது, அவ்வளவு பெரிய மனிதர் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அண்ணா, அந்தக் கப்பல் எவ்ளோ ஆழத்துல இருக்கு?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அது... இந்த ஆஸ்பத்திரிக்கு எத்தன மாடி? ஏழா? கிட்டத்தட்ட அவ்ளோ இருக்கும்மா."

"கீழ தரைவரைக்கும் போச்சா அம்மா?"

"தரையத் தொட்டாங்க."

அவள் தலையசைத்தாள். பிறகு வராந்தாவைக் கடந்து வெளியே போனாள். கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இதோ வருகிறோம் என்று சைகை காட்டிவிட்டு அவன் அவள் பின்னாலேயே போனான்.

முற்றத்தில் சாயங்கால வெயில் கட்டடத்தின் மேல்பாதியில் மட்டும் இருந்தது. அவள் சுவரை ஒட்டி நின்று, கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். அவள் பார்வை ஒவ்வொரு ஜன்னலாக, அவசரமில்லாமல் ஏறியது. அவனும் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். உச்சி மாடியில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். ஒரு கை வெளியே வந்து, ஒரு வெள்ளைத் துணியை இரண்டு தடவை உதறி, வெயிலில் கம்பிமேல் விரித்துப் போட்டுவிட்டு உள்ளே போனது.